வாட்டம் தப்பிய வடிகால்

மழை விட்டு நெடுநேரம் ஆகியும் தெருவில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். பக்கத்திலேயே போன வருடம் கட்டிய மழைநீர் வடிகாலின் மூடியைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே பாதிதான் நிரம்பியிருக்கும். சென்னைக்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ‘இத்தனை கோடி கொட்டியும் தண்ணீர் ஏன் வடியவில்லை?’ என்ற கேள்வி ஒவ்வோர் ஐப்பசியிலும் எழுந்து, தை பிறந்ததும் மறந்துபோகிறது. இந்தக் கேள்விக்குப் பாதி பதில் ஒரு சிறு ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது. ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், நாலைந்து சித்தாட்கள், சொந்தமாக ஒரு டீசல் பம்ப், மணிக்கணக்கு வாடகைக்கு ஒரு ஜேசிபி, இவ்வளவுதான் அவருடைய படை. உடைந்த வடிகாலை ஒட்டுவதும், அமுங்கிய மேன்ஹோலைத் தூக்கி நிறுத்துவதும், இரண்டு பெரிய வேலைகளுக்கு நடுவே விடுபட்ட இருபது முப்பது மீட்டரை இணைப்பதும் அவர்தான். ஊர் எங்கே அடைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை.

சென்னை தட்டையான ஊர். பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் கிடக்கிறது. இங்கே வடிகாலுக்குக் கிடைக்கும் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, மிகக் குறைவு. ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டர் நீளமுள்ள தெருவில் மொத்த இறக்கமே 10 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு செங்கல்லின் அகலம். நடுவில் எங்கோ ஓர் இணைப்பில் தளம் அந்த அளவு தூக்கிவிட்டால் தெருவின் வாட்டம் முழுவதும் அங்கேயே தீர்ந்தது. அதற்கு மேல்புறம் தண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தில் வண்டல் படியும், வண்டல்மேல் பிளாஸ்டிக் பை வந்து உட்காரும். மேலே நடந்துபோகிறவருக்கு வழுவழுப்பான கான்கிரீட் மூடி மட்டும்தான் கண்ணில் படும்.

அந்தத் தூக்கல் எப்படி வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பெரிய வடிகால் திட்டங்கள் வடிநிலவாரியாகப் பிரிக்கப்பட்டவை. கொசஸ்தலையாற்று வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன், கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கியின் கடன் என்று பணம் வந்தது. பெரிய நிறுவனங்கள் நீள நீளமான துண்டுகளை எடுத்துக் கட்டின. மின்பெட்டி குறுக்கே நின்ற இடம், கடைக்காரர் வழக்குப் போட்ட இடம், மரத்தின் வேர் ஓடிய இடம் ஆகியவை விட்டுப்போயின. பின்னால் அந்த இடைவெளிகளை அடைக்கச் சிறு ஒப்பந்தம் விடப்படுகிறது. ஒரு பக்கம் ஐம்பது வருடத்துச் செங்கல் கால்வாய், மறுபக்கம் புதிய கான்கிரீட் பெட்டி. பழைய கால்வாயின் தளம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது தோண்டினால்தான் தெரியும். மதிப்பீடோ தோண்டுவதற்கு முன்பே போடப்பட்டுவிடுகிறது.

தோண்டிப் பார்த்தால், தண்ணீர் போய்ச் சேர வேண்டிய பக்கத்துத் தளம் வரைபடத்தில் உள்ளதைவிட உயரமாக இருக்கிறது என்று வையுங்கள். ஒப்பந்தக்காரர் உதவிப் பொறியாளரிடம் சொல்கிறார். அளவை மாற்ற வேண்டுமானால் மதிப்பீட்டைத் திருத்த வேண்டும், திருத்தத்துக்கு மேலிடத்து ஒப்புதல் வேண்டும், அதற்குள் செப்டம்பர் முடிந்துவிடும். திறந்த பள்ளத்தோடு மழைக்காலத்துக்குள் போக முடியாது. 2022 அக்டோபரில், வேலை முடியாத வடிகால் பள்ளத்தில் விழுந்து இளம் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் சென்னையில் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஆகவே வரைபடத்தில் உள்ளபடியே கான்கிரீட் விழுகிறது. காகிதத்தில் வேலை சரி. தண்ணீருக்குத்தான் வழியில்லை.

இதோடு நிலத்தடி நீரும் சேர்ந்துகொள்ளும். கடலோரத்திலும் வடசென்னையிலும் சில அடி தோண்டினாலே ஊற்று கிளம்பிவிடும். பக்கவாட்டு மணல் சரியாமலிருக்கச் சவுக்குக் கட்டையும் பலகையும் முட்டுக் கொடுக்க வேண்டும். பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். டீசல் செலவு கையைக் கடிக்கிறபோது பம்பை நிறுத்திவிட்டு, நிற்கிற தண்ணீரிலேயே கான்கிரீட்டைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சிமென்ட் கரைந்து போய் ஜல்லி மட்டும் அடியில் நிற்கும். இரண்டு மழைக்காலம் போனதும் அந்த இடத்தில் தளம் பொரிந்து, அடியிலிருந்து மணல் உள்ளே வரத் தொடங்கும்.

மணல் உள்ளே வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. உடைந்த இணைப்பு வழியாக நிலத்தடி நீர் வடிகாலுக்குள் கசியும்போது சுற்றிலும் உள்ள மண்ணையும் இழுத்துக்கொண்டு வருகிறது. சாலைக்கு அடியில் குகைபோல வெற்றிடம் உண்டாகிறது. மேலே தார் கெட்டியாகத் தெரியும். ஒரு நாள் லாரியின் பின்சக்கரம் இறங்கும்போதுதான் ஊருக்குத் தெரியவரும். ‘சாலையில் திடீர்ப் பள்ளம்’ என்று செய்தி வரும். அது திடீரென்று வந்த பள்ளமில்லை, பல மாதங்களாக அரித்து வளர்ந்தது.

மேன்ஹோல் விஷயத்துக்கு வருவோம். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. பாதாள சாக்கடையும் அதன் மேன்ஹோல்களும் 1978-இல் தொடங்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மக்கள் ‘மெட்ரோ வாட்டர்’ என்பது இதைத்தான். ஒரே தெருவில் பத்தடி இடைவெளியில் இரண்டு துறைகளின் கால்வாய்கள். மேலே சாலை போடுவது வேறொரு பிரிவு. புதுத் தார் போடும்போதெல்லாம் சாலை உயர்ந்துகொண்டே போகும், மேன்ஹோல் மூடி பள்ளத்துக்குள் போய்விடும். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் அரசு கண்டிப்பாகச் சொன்னது. அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்களில், அமுங்கிய மூடியைச் சாலை மட்டத்துக்குத் தூக்கி வைப்பதுதான் சிறு ஒப்பந்தக்காரர்களின் அன்றாடப் பிழைப்பு.

பார்வைக்கு எளிய வேலை. சுற்றிலும் சாலையைச் சதுரமாக வெட்டி, சட்டத்தைப் பெயர்த்து, இற்றுப்போன செங்கல் வரிகளை இடித்து, புதிதாகக் கட்டி, உள்ளும் புறமும் பூசி, சட்டத்தைச் சாலையின் சரிவுக்கு ஏற்ப அமர்த்தி, சுற்றிக் கான்கிரீட் போட வேண்டும். கெடுவது கடைசிக் கட்டத்தில்தான். கான்கிரீட் ஏழு நாளில் தன் வலிமையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எட்டும், முழு வலிமைக்கு 28 நாள் வேண்டும். நகரத்துச் சாலையில் எந்தப் போக்குவரத்துக் காவலர் ஏழு நாள் தடுப்பு வைக்க விடுவார்? இரவு போட்ட கான்கிரீட்மேல் விடியற்காலையில் பால்வண்டி ஏறிவிடும். விரைவில் இறுகும் கலவை கடையில் கிடைக்கிறது, விலைதான் கூடுதல். மதிப்பீட்டில் சாதாரணக் கான்கிரீட்டுக்கான விலையை எழுதிவிட்டு, மறுநாளே பேருந்து ஓட வேண்டும் என்று எதிர்பார்த்தால் அந்த மூடி ஆடத்தான் செய்யும்.

மூடியிலும் ரகம் உண்டு. இந்தியத் தரநிலை 12592 கான்கிரீட் மூடிகளை அவை தாங்கும் பாரத்தை வைத்து 2.5 டன், 10 டன், 20 டன், 35 டன் என்று வகைப்படுத்துகிறது. நடைபாதைக்கு ஏற்றதைக் கொண்டுபோய்ப் பேருந்துச் சாலையில் வைத்தால் விளிம்பு நொறுங்க அதிக நாள் ஆகாது. இரும்பு மூடிகள் திருட்டுப் போவதால்தான் பல இடங்களில் கான்கிரீட் மூடிக்கு மாறினார்கள். மாறியது சரிதான். எந்த இடத்துக்கு எந்த ரகம் என்பதை யாராவது நின்று பார்க்க வேண்டும்.

மேன்ஹோலின் கழுத்துப் பகுதி ஏன் இற்றுப்போகிறது என்பதற்கும் காரணம் உண்டு. கழிவுநீர் தேங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். ஈரமான சுவரில் வாழும் நுண்ணுயிரிகள் அதைக் கந்தக அமிலமாக மாற்றும். அந்த அமிலம் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பூச்சையும் கான்கிரீட்டையும் தின்னும். சுவரைத் தின்னும் அதே வாயுதான் ஆளையும் கொல்கிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘நாத்தம் இல்லையே, இறங்கலாம்’ என்று நினைத்து இறங்குகிறவர் சில மூச்சிலேயே சுருண்டு விழுகிறார். காப்பாற்றப் போன இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் அப்படித்தான் போகிறார்கள். தமிழ்நாட்டில் இப்படிப் போன உயிர்கள் ஏராளம். நாட்டிலேயே இவ்வகைச் சாவுகள் அதிகம் பதிவான மாநிலங்களின் முன்வரிசையில் நாம் இருக்கிறோம் என்பது நமக்கு அவமானம்.

மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பில்லாமல் சாக்கடையையோ மலக்குழித் தொட்டியையோ சுத்தம் செய்ய ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இயந்திரங்களும் வந்துவிட்டன. கேரள இளைஞர்கள் உருவாக்கிய ‘பாண்டிகூட்’ ரோபோ தமிழ்நாட்டு ஊர்களிலும் இறங்கியிருக்கிறது.

ஆனால் ஒருவர் விட்டுப்போகிறார். அடைப்பு எடுக்க ஆளை இறக்கக் கூடாது என்பது இன்று ஓரளவு எல்லோருக்கும் தெரியும். இடிந்த சுவரைக் கட்டவும் பூசவும் இறங்கும் கொத்தனாரை யாரும் நினைப்பதில்லை. ரோபோ பூசு வேலை செய்யாது. அவர் கரண்டியும் சட்டியுமாக அரை நாள் உள்ளே இருக்க வேண்டியிருக்கிறது. ‘மழைநீர் வடிகால்தானே’ என்ற நம்பிக்கையும் உதவாது. 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது உள்ளே வந்த பகுதிகள் பலவற்றில் பாதாள சாக்கடையே இல்லை. வீட்டுக் கழிவுநீர் மழைநீர் வடிகாலுக்குள்தான் போனது, பல இடங்களில் இன்றும் போகிறது. மூடியிட்ட அந்த வடிகாலுக்குள்ளும் அதே வாயு இருக்கும். மேலும் கீழும் உள்ள மூடிகளை முன்கூட்டியே திறந்து வைத்து, ஊதுவிசிறி போட்டு, வாயு அளக்கும் கருவியை முதலில் இறக்கிப் பார்த்து, இடுப்பில் வார் கட்டி, மேலே ஆளை நிறுத்திய பிறகே கொத்தனார் இறங்கலாம். வளையம் வளையமாக வார்த்து வந்த கான்கிரீட் உறைகளைப் பயன்படுத்தினால் உள்ளே இருக்கும் நேரமே குறையும். இதற்கெல்லாம் மதிப்பீட்டில் தனியாக ஓர் இனம் வேண்டும். பணம் ஒதுக்காத பாதுகாப்பு வெறும் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடும்.

பணம்தான் எல்லாவற்றுக்கும் அடிவேர். ஒப்பந்தப்புள்ளியில் யார் மதிப்பீட்டைவிடக் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கே வேலை. முன்வைப்புத் தொகை கட்டி, கூலியையும் பொருளையும் கைக்காசில் போட்டு வேலையை முடித்து, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் அளவு ஏறி, பில் பாஸாகிக் காசு வருவதற்குள் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். பிணைத்தொகை அதற்குப் பிறகும் பிடியில் இருக்கும். 2022 ஜூலையில் அரசு வேலைகளுக்கான ஜி.எஸ்.டி 12-லிருந்து 18 சதவீதமாக உயர்ந்தபோது, பழைய விலைக்கு ஒப்பந்தம் போட்டவர்கள் திண்டாடினார்கள். இதற்கு மேல் ஆங்காங்கே ‘கவனிக்க’ வேண்டியதும் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். மிச்சம் எங்கே வரும்? கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்துதான் வர முடியும். அடியில் போட வேண்டிய கான்கிரீட் படுகையின் கனம் குறையும், முட்டுக் கட்டை குறையும், பூச்சு ஒரு பக்கத்தோடு நிற்கும். ஒப்பந்தக்காரரை நல்லவராக்க நான் முயலவில்லை. ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நேர்மையாகச் செய்கிறவர் தோற்கும்படி விலை வைக்கப்படுகிறது என்பதுதான் என் ஆத்திரம்.

அளவு ஏறுவதும் நீளத்துக்கும் கனமீட்டருக்கும்தான். எத்தனை மீட்டர் கட்டினாய், எத்தனை கனமீட்டர் தூர் வாரினாய் என்று எம்-புக் கேட்கும். தண்ணீர் ஓடியதா என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. பில் போடும் முன் மேல்முனையில் ஒரு லாரித் தண்ணீரை விட்டு, கீழ்முனைக்கு வந்து சேர்கிறதா, நடுவில் எங்கே தேங்குகிறது என்று பார்க்கலாம். அப்போதே பல குறைகள் வெளியே வந்துவிடும். லாரித் தண்ணீரின் விலை அந்த வேலையின் மதிப்பில் ஒரு தூசு.

2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வெள்ளத்தைத் தணிக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு குழு அமைத்தது. அதன் பரிந்துரைகளை ஒட்டிப் பல நூறு கோடிக்கு வடிகால்கள் எழுந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சில பகுதிகளில் தண்ணீர் விரைவாக வடிந்தது, சில பகுதிகளில் நாட்கணக்கில் நின்றது. கட்டுவதற்குக் கிடைத்த பணமும் கவனமும் பராமரிப்புக்குக் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் அவசரமாக டெண்டர், செப்டம்பரில் தூர் வாரல், அள்ளிய சேறு தெருவோரத்திலேயே குவியல், முதல் மழையில் அது திரும்ப வடிகாலுக்குள். ஆண்டுதோறும் இதே சுற்றுதான்.

வார்டுக்கு ஒருவராகச் சிறு ஒப்பந்தக்காரரை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு நியமித்து, மாதாமாதம் காசு கொடுத்து, தன் வார்டில் தண்ணீர் நின்றால் அவரையே பதில் சொல்ல வைக்கலாம். இது நடக்காத காரியமில்லை. கழிவுநீர் வண்டிகளைத் தூய்மைப் பணியாளர்களுக்கே சொந்தமாக்கி, பல ஆண்டு வேலையையும் உறுதி செய்யும் திட்டத்தைச் சென்னைக் குடிநீர் வாரியம் 2024-இல் தொடங்கியது. அதே நியாயம் வடிகால் பழுதுபார்ப்புக்கும் பொருந்தும்.

வாசகர்களிடம் கேட்பதற்கும் சில உண்டு. உங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் மழைநீர் வடிகாலில் சேர்ந்திருந்தால் அதைத் துண்டித்து முறையான இணைப்புக்கு மாற்றுங்கள். சாக்கடை இணைப்பே வராத பகுதியானால், அது வரும்வரை மலக்குழித் தொட்டியின் தண்ணீரை வடிகாலுக்குத் திருப்பாதீர்கள். தெருவில் வெள்ளம் நிற்கிறதே என்று மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடாதீர்கள். கலங்கிய தண்ணீருக்கு அடியில் திறந்த குழி யார் கண்ணுக்கும் தெரியாது, உள்ளே இறங்கும் மண்ணும் குப்பையும் சாக்கடையையும் அடைத்துவிடும். தெருவில் வடிகால் வேலை நடக்கும்போது ஐந்து நிமிடம் நின்று, பம்ப் ஓடுகிறதா, கொத்தனார் இடுப்பில் வார் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் பேசுங்கள்.