நகராட்சி மன்றத்தில் மாற்றுத்திறனாளிக்கு ஒரு நாற்காலி... ஓட்டு இல்லை, பேச்சு உண்டு!

ஏ.டி.எம் வாசலில் ஒரு சாய்வுதளம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் சக்கர நாற்காலி ஏறிப் பார்த்தவர்கள் குறைவு. பெரும்பாலும் பைக்தான் நிற்கும். பைக் இல்லாத நேரத்திலும் ஏற முடியாது, அவ்வளவு செங்குத்து!

ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். சாய்வுதளத்துக்கான அடிப்படைக் கணக்கு இதுதான். மூன்று படி, ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி நீளத்துக்குச் சரிவு வேண்டும். மேஸ்திரியிடம் சொன்னால் சிரிப்பார். இடம் மிச்சம் என்று ஆறடியில் முடித்துவிடுவார். அதிகாரி வந்து பார்ப்பார், சரிவு இருக்கும், பில் பாஸாகிவிடும். அதில் ஏறவேண்டியவரை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவரைக் கேட்க ஒரு வழி 2025-ல் திறந்தது. நகர்ப்புற, ஊரக உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கும் இரண்டு சட்டத்திருத்த மசோதாக்களை, அந்த ஆண்டு ஏப்ரல் 16-ம் தேதி சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிமுகம் செய்தார். நகர்ப்புற உள்ளாட்சிகளில் அப்போது இருந்த மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் வெறும் 35 பேர் என்று அரசே சொன்னது. நியமனத்துக்குப் பிறகு இது சுமார் 650 ஆகும். 12 ஆயிரத்துக்கும் அதிகமான கிராம ஊராட்சிகளையும், 388 ஒன்றியங்களையும் சேர்த்தால் எண்ணிக்கை 13 ஆயிரத்தைத் தாண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். அந்த எண்ணிக்கைக்கு முன் 35 பேர் என்பது ஒன்றுமே இல்லை.

என்ன செய்யலாம், என்ன முடியாது?

தேர்தல் கிடையாது, விண்ணப்பித்து நியமனம் பெற வேண்டும். மன்றத்துக்கு ஒருவர். உறுப்பினர்கள் 100-க்கு மேல் இருந்தால் இருவர். 200 வார்டுகள் கொண்ட சென்னைக்கு இரண்டு இடம். கூட்டத்தில் பேசலாம், கேள்வி கேட்கலாம். ஆனால், தீர்மானம் ஓட்டெடுப்புக்கு வந்தால் கை தூக்க முடியாது.

'ஓட்டு இல்லாத உறுப்பினர் எதற்கு?' என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்களே உள்ளே வந்துவிடுவார்களோ என்ற கவலையும் சாதாரணமானதல்ல. ஆனாலும், மன்றத்தில் சாலை டெண்டர் படிக்கப்படும்போதே, 'நடைபாதையில் மஞ்சள் டைல்ஸ் போடுகிறீர்களே, அது மின்பெட்டியில் போய் முட்டுகிறதே' என்று பார்வையற்ற ஒருவர் எழுந்து சொன்னால் அது மினிட்ஸில் ஏறும். டைல்ஸ் பதித்த பிறகு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

முதல் பிரச்னை அவர் கூட்டத்துக்குப் போய்ச் சேர்வதுதான். மன்ற அரங்கு மாடியில் இருந்து லிஃப்ட் இல்லாவிட்டால்? காது கேளாத உறுப்பினருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால்? அஜெண்டா பிரெயிலிலோ, போனில் படித்துக்காட்டும் வடிவிலோ வராவிட்டால்? நாற்காலி இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே உள்ள பொதுக்கட்டடங்களை மாற்றியமைக்க ஐந்தாண்டு கெடு வைத்தது. கெடு போய்விட்டது. அணுகல் வசதிக்கான விதி வெறும் பரிந்துரைபோல இருக்கிறது, கட்டாய விதி கொண்டுவாருங்கள் என்று 2024 நவம்பர் 8-ம் தேதி உச்ச நீதிமன்றமே மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

மெரினா மரப்பாதை

கடலில் கால் நனைக்க வேண்டும் என்பது பெரிய ஆசையா? சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு, ஆண்டுக்குச் சில நாள் போடப்படும் தற்காலிகப் பாதைதான் பல காலம் வழியாக இருந்தது. விடாமல் கேட்டபிறகு, 2022 நவம்பர் 27-ம் தேதி நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் முனையை உடைத்துப்போட்டது. பிறகு சரிசெய்தார்கள். கட்டுவதோடு வேலை முடிவதில்லை, பராமரிப்புக்கும் பட்ஜெட்டில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை மெரினாவைவிட யாரும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது!

தமிழர்கள் அதிகம் வாழும் டொரன்டோ, மார்க்கம் நகரங்கள் இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வேறு ஏற்பாடு. அங்கே 2005-ம் ஆண்டுச் சட்டப்படி, 10,000 பேருக்குக் குறையாத ஒவ்வோர் ஊரும் அணுகல் வசதி ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகள். ஒற்றை ஆளாகக் கத்த வேண்டியதில்லை, கட்டட வரைபடத்தையே கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஆனால், 2025-க்குள் முழு அணுகல் வசதி என்ற இலக்கை அவர்களும் எட்டவில்லை. குழு சொல்வது ஆலோசனைதான், முடிவு மன்றத்தின் கையில்!

இங்கே காலமும் குறைவு. நகர்ப்புற மன்றங்கள் 2022 பிப்ரவரி தேர்தலில் வந்தவை. அதனால், முதலில் நியமனமாகும் உறுப்பினர்களுக்கு முழு ஐந்தாண்டு கிடைக்காது. ஊரகத்தில் 27 மாவட்டங்களின் உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது.

உங்கள் ஊர் மன்றத்தின் நியமன உறுப்பினர் யார் என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பெயர் தெரிந்தால், உங்கள் தெரு ரேஷன் கடையின் படியை போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பலாம். கிராமம் என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கிராமசபை இருக்கிறது. போகும்போது டேப் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய், சாய்வுதளத்தை அளந்துவிட்டு உள்ளே செல்லுங்கள்.