போர்வீரன் பலமிழந்தது எந்தப் பக்கத்தில்?

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். கெரி கைகெக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கிய இது 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. போர்வீரன், மந்திரவாதி, மதகுரு என ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வகுப்பு உண்டு. விதிநூல் திருத்தப்படும்போதெல்லாம் தமது வகுப்புக்கு என்ன நடந்தது என்று அறிய, அந்த வகுப்பின் பக்கத்தைத்தான் பலரும் புரட்டுகிறார்கள். ஆனால் ஒரு வகுப்பின் பலம் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இதற்கு நல்ல உதாரணம்.

அதற்கு முந்திய விதிகளில் மந்திரவாதியின் பாடு இலகுவானதல்ல. 1978ஆம் ஆண்டு விதிநூலின்படி இரண்டாம் நிலைக்கு உயரத் திருடனுக்கு 1,250ஐத் தாண்டிய அனுபவப் புள்ளிகள் போதும். போர்வீரனுக்கு 2,000ஐயும் மந்திரவாதிக்கு 2,500ஐயும் தாண்ட வேண்டும். இடைநிலைகளில் இந்தக் கணக்கு தலைகீழாவதும் உண்டு, அது வேறு கதை. மந்திரத்தைச் சொல்லி முடிக்குமுன் அடி விழுந்தால் அந்த மந்திரம் வீண். இன்னொன்று, மந்திரத்தை எதிரி தாங்குவானா என்பது பிரதானமாக எதிரியின் வகுப்பையும் நிலையையுமே பொறுத்தது. அனுபவம் முதிர்ந்த போர்வீரனை மந்திரத்தால் வீழ்த்துவது கடினம்.

விளையாட்டை வெளியிட்டு வந்த நிறுவனத்தை 1997இல் வாங்கிய விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட், மூன்றாம் பதிப்பில் இவற்றை எளிமையாக்கியது. எல்லா வகுப்புக்கும் ஒரே புள்ளி அட்டவணை வந்தது. அடிபட்டாலும் பகடை உருட்டி வென்றால் மந்திரம் தப்பும். மந்திரவாதியின் அறிவு கூடக்கூட அவனது மந்திரத்தைத் தாங்குவதும் கடினமானது. மனத்தைத் தாக்கும் மந்திரங்களுக்கு முன்னால் போர்வீரன் பலவீனன் ஆனான். ஒரு சுற்றில் தனக்குரிய எல்லா வாள்வீச்சுகளையும் வீச வேண்டுமானால் அவன் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். மந்திரவாதியோ நகர்ந்துவிட்டும் மந்திரம் சொல்லலாம்.

போர்வீரனின் பக்கத்தை மட்டும் பார்த்தால் லாபம்தான் தெரியும்: 20 நிலைகளில் 11 மேலதிகத் திறன்கள். மற்றத் திருத்தங்களும் தனித்தனியே நியாயமானவைதான். எல்லாம் சேர்ந்தபோது, உயர்நிலைகளில் போர்வீரனாக விளையாடுபவர் மந்திரவாதி காரியத்தை முடிக்கும்வரை பார்த்திருப்பவரானார். ஒரு மாலை முழுவதும் நண்பர்களோடு அமர்ந்திருந்து, தன் முறை வரும்போது செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்பது சின்ன விடயமல்ல.

2003இல் வந்த திருத்தம், ஒரே சுற்றில் இரண்டு மந்திரங்களுக்கு வழிவிட்ட வேகமூட்டும் மந்திரத்தை மட்டுப்படுத்தியது. 2008இன் நான்காம் பதிப்பு எல்லா வகுப்புகளின் ஆற்றல்களையும் ஒரே அச்சில் வார்த்தது. சமநிலை கிடைத்தது, எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்ற முறைப்பாடும் கூடவே வந்தது. அந்தப் பதிப்பு வாங்கிய ஏச்சு அளவுக்கு மீறியது என்பதே என் எண்ணம்.

2014இன் ஐந்தாம் பதிப்பு மீண்டும் பொது விதிகளில் கைவைத்தது. கவனத்தைக் குவித்து நீடிக்கச் செய்யும் மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டுமே இடம். போர்வீரன் நகர்ந்தபடியே எல்லா வீச்சுகளையும் வீசலாம். 2024ஆம் ஆண்டுத் திருத்தம் ஆயுதத்தால் எதிரியைத் தள்ளவும் சரிக்கவும் வழிசெய்தது. இருந்தும் 17ஆம் நிலையில் மந்திரவாதிக்குக் கேட்டதை நடத்தும் மந்திரம் எட்டுகிறது. போர்வீரனுக்கு 20ஆம் நிலையில் கிடைப்பது நான்காவது வாள்வீச்சு.