எழுத்தால் ஓடிய இளைஞர்

நெடுநாள் நோயால் வீட்டோடு இருக்கும் பிள்ளை கணினியையும் கைப்பேசியையும் விட்டு எழுவதே இல்லை என்ற கவலை, மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து மருத்துவமனைக்கு வரும் பெற்றோர் பலருக்கு உண்டு. அவர்கள் நார்வே நாட்டு இளைஞர் ஒருவரின் வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது.

1989-இல் பிறந்த மாட்ஸ் ஸ்டீனுக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய் சிறுவயதிலேயே கண்டறியப்பட்டது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வரும் இம்மரபணு நோயில் தசைகள் படிப்படியாக வலுவிழக்கும். பன்னிரண்டு வயதையொட்டிச் சக்கர நாற்காலி தேவைப்படும். பின்னர் இதயமும் சுவாசத் தசைகளும் தளரும். மாட்ஸ் 2014 நவம்பரில், 25-ஆம் வயதில் காலமானார். நட்பின் சுவையை அறியாமலே மகன் போய்விட்டான் என்று பெற்றோர் வருந்தினர். அவர் விட்டுச்சென்ற கடவுச்சொல்லைக் கொண்டு, அவருடைய வலைப்பதிவில் தந்தை ராபர்ட் மரணச் செய்தியை எழுதினார். சில நாட்களில் பல நாடுகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. இறுதிச் சடங்கிற்கு, அதுவரை அவரை நேரில் கண்டிராத நண்பர்கள் சிலர் வந்திருந்தனர்.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் கற்பனை உலக விளையாட்டில் ‘ஸ்டார்லைட்’ என்ற குழுவில் மாட்ஸ் இணைந்திருந்தார். அங்கே அவர் பெயர் இபெலின். திரையில் உருவங்கள் நடமாடினாலும், அக்குழுவின் பாத்திர நடிப்பின் உயிர் எழுத்திலேயே இருந்தது. பேச்சும் செயலும் தட்டச்சில்தான் நிகழும். ‘இபெலின் தலைவணங்கி நாற்காலியை நகர்த்தித் தருகிறான்’ என்பது போல ஒருவர் எழுத, மற்றவர் அதற்கேற்ற அடுத்த வரியை எழுதுவார். நம் கூத்து மேடையில் ஒருவர் பேச்சை எடுத்துக்கொண்டு மற்றவர் தொடர்வது போலத்தான்.

இம்முறை புதியதன்று. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ விளையாட்டில் படமே கிடையாது. அறை, காடு, விளக்கு, எதிரி யாவும் சொற்களே. வடக்கே போக வேண்டுமானால் வடக்கு என்று தட்டச்சு செய்ய வேண்டும். படம் இல்லாத இத்தகைய விளையாட்டுகளைப் பார்வையற்றோரும் திரைவாசிப்பான் மென்பொருளின் துணையுடன் ஆட இயலும் என்பது கூடுதல் நன்மை.

மாட்ஸ் தம் நோயைப் பல ஆண்டுகள் குழுவினரிடம் சொல்லவில்லை. அது மறைப்பு என்று நமக்குத் தோன்றலாம். வீட்டிலும் மருத்துவமனையிலும் எப்போதும் நோயாளியாகவே பார்க்கப்படும் ஒருவருக்கு, நோய் பேசப்படாத ஓரிடம் எவ்வளவு பெரிய ஓய்வு என்பதை இவ்விதழைப் படிக்கும் பலர் அறிவர். அங்கே இபெலின் ஓடுவார். பிறர் துயரைக் கேட்பார். நெதர்லாந்துப் பெண்ணொருத்தியின் கணினியைப் பெற்றோர் பறித்தபோது, அவர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். ஆட்டிசம் உள்ள மகனோடு நெருங்க இயலாமல் தவித்த டென்மார்க் தாய் ஒருவருக்கு, மகனோடு அவ்வுலகிலேயே சேர்ந்து விளையாடும் வழியைக் காட்டினார். உதவி பெறுபவராக மட்டுமே வீட்டார் கண்ட மாட்ஸ், அங்கே உதவி செய்பவராக இருந்தார்.

ஆயினும் எல்லா ஆட்டமும் இத்தகையது என்று கொள்ளலாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றுள்ளது. கட்டுப்பாட்டை இழத்தல், பிற கடமைகளைக் கைவிடுதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதங்கள் நீடித்தாலே அவ்வாறு கருதப்படும். உறக்கம் கெடுதல், உணவையும் மருந்தையும் தவிர்த்தல், முன்பின் அறியாதவர் பணம் அல்லது படம் கேட்டல் ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். நெடுநேரம் ஒரே நிலையில் அமர்வதால் படுக்கைப்புண் வரக்கூடும். இடையிடையே உடலின் நிலையை மாற்றிவிடுவது பராமரிப்பவரின் பணி.

எத்தனை மணி நேரம் என்று கேட்பதற்கு முன், அங்கே உன்னுடன் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை இசைந்தால் அருகில் அமர்ந்து ஒரு மாலை பாருங்கள். மகனின் அந்த உலகத்தில் இன்னும் அக்கறை காட்டியிருக்கலாம் என்று ராபர்ட் பின்னாளில் கூறியிருக்கிறார். இபெலினின் வாழ்க்கை 2024-இல் ஆவணப்படமாக வந்தது. குழுவினர் சேமித்து வைத்திருந்த எழுத்துப் பதிவுகளே அதற்கு ஆதாரமாயின.