பாம்பே ஐ.ஐ.டி.யில் சீட்... மயிலாப்பூர் குடும்பம் ஃபீஸ் கட்டுவது எப்படி?

மயிலாப்பூரில் மாதம் 35 ஆயிரம் ரூபாயில் ஓடும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு பாம்பே ஐ.ஐ.டி.யில் பி.டெக். சீட். டியூஷன் ஃபீஸ் மட்டும் ஆண்டுக்கு 2 லட்சம். நகையை அடகு வைக்கும் முன் இதைப் படிங்க.

ஃபீஸ் குறையுமா?

குறையும். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் ஐ.ஐ.டி.க்களில் டியூஷன் ஃபீஸ் கிடையாது. 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. இந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.2 லட்சம். ஆக, கட்ட வேண்டியது சுமார் 67 ஆயிரம். ஹாஸ்டல், மெஸ், ரயில் டிக்கெட் தனி.

மீதிப் பணத்துக்கு?

2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள முன்னணிக் கல்லூரிகளில் மெரிட்டில் சேர்ந்தால், அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கல்விக்கடன் கிடைக்கும்.

வட்டி எப்போது ஆரம்பம்?

படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் பணம் கைக்கு வந்த நாள் முதல் வட்டி ஓடும். 4 லட்சம் கடனுக்கு 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 40 ஆயிரம்.

யாருக்கு வட்டிச் சலுகை?

வருமானம் 4.5 லட்சம் வரை என்றால், தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கு இந்தக் கால வட்டியை அரசே ஏற்கும். 8 லட்சம் வரை 3 சதவீத மானியம். வேறு அரசு உதவித்தொகை வாங்கினால் இது கிடைக்காது.

முதலில் என்ன செய்யணும்?

தள்ளுபடி, மானியம் இரண்டுக்கும் வருமானச் சான்றிதழ் கேட்பார்கள். கவுன்சிலிங்குக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பிச்சிடுங்க.