சும்மா இருந்த நேரம்

1960-இல் மனநல மருத்துவர் ஜான் விங்கும் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுனும் இங்கிலாந்தின் மூன்று பெரிய மனநல மருத்துவமனைகளுக்குள் சென்று, அதுவரை எந்த மருத்துவரும் பெரிதாகப் பொருட்படுத்தாத கணக்குகளை எடுத்தார்கள். இந்தப் பெண்மணிக்கென்று சொந்தமாக ஒரு சீப்பு உண்டா? பல் துலக்கும் பிரஷ்? முகம் பார்க்கும் கண்ணாடி? வெளியிலிருந்து யாராவது பார்க்க வருகிறார்களா? இவரால் என்னென்ன வேலை செய்ய முடியும் என்று செவிலியர் நம்புகிறார்? எல்லாவற்றையும்விட முக்கியமாக, கண் விழித்ததிலிருந்து படுக்கும்வரை எத்தனை மணி நேரம் எதுவுமே செய்யாமல் இருக்கிறார்?

இப்படிக் கணக்கெடுக்கப்பட்டவர்கள் எல்லாரும் மனச்சிதைவு நோயால் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்கிவிட்ட பெண்கள். இந்த நோய்க்கு இரண்டு பக்கம் உண்டு. இல்லாதது வந்து சேர்வது ஒரு பக்கம்: காதில் குரல்கள், யாரோ தொடர்கிறார்கள் என்ற அச்சம், அசைக்க முடியாத பிரமைகள். இருந்தது கழன்று போவது மறுபக்கம்: பேச்சு சுருங்கும், முகத்தில் உணர்ச்சி மங்கும், எழுந்து எதையாவது செய்வோம் என்ற உந்துதலே வற்றிவிடும். மாத்திரைகள் முதல் பக்கத்தை அடக்குவதில் வல்லவை. இரண்டாவதில் அவற்றின் கை அவ்வளவு நீளவில்லை. நம் வீடுகளில் "நாள் பூரா சும்மாவே உட்கார்ந்திருக்கான், சரியான சோம்பேறி" என்று ஏச்சு வாங்கித் தருவதும் இந்த இரண்டாவது பக்கம்தான். அந்த ஏச்சைக் கேட்டுக்கொண்டு பதில் சொல்லாமல் இருப்பவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. அதுவும் நோயின் கூறு என்று யாரும் அந்த வீட்டுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

விங்கும் பிரவுனும் கண்டது இது. சொந்தப் பொருளோ வேலையோ வருகையோ இல்லாமல் வாழ்க்கை எந்த மருத்துவமனையில் வறண்டு கிடந்ததோ, அங்கே நோயாளிகளின் பேச்சும் முகமும் அதிகமாக வறண்டிருந்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் வார்டுகளின் நிலைமை மாறியபோது, தேறியவர்களிடம் என்ன மாறியிருந்தது என்று பார்த்தார்கள். மருந்து மாற்றம் அதை விளக்கவில்லை. சும்மா இருந்த நேரம் குறைந்திருந்ததுதான் முன்னேற்றத்தோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வந்தது. மூளையின் சிதைவு என்று எழுதி வைத்திருந்ததில் ஒரு பங்கு, செய்ய ஒன்றுமில்லாத நாட்களின் விளைவு! இவர்களின் ஆய்வு 1970-இல் நூலாக வந்தது. உளசமூக மறுவாழ்வு என்று இன்று நாம் சொல்லும் துறைக்கு அது ஓர் அடித்தளம்.

அப்படியானால் எல்லாரையும் பிடித்து வேலையில் தள்ளிவிடலாமா? கூடாது. மிதமிஞ்சிய அழுத்தமும் ஆபத்து என்று விங் அழுத்திச் சொன்னார். தாங்க முடியாத அவசரமும் நெருக்கடியும் சேர்ந்தால் அடங்கியிருந்த குரல்கள் திரும்பிவிடலாம். வெறுமையும் வேண்டாம், நெருக்கடியும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டுக்கும் இடையிலான அளவு வேறு, அதைக் கண்டுபிடிப்பதுதான் மறுவாழ்வுப் பணியாளரின் திறமை.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இதே காலத்தில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1950-களின் நடுவில், அரசு மனநல மருத்துவமனையின் பின்புற வார்டுகளிலிருந்து 269 பேரை ஜார்ஜ் புரூக்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் தேர்ந்தெடுத்தார்கள். சராசரியாக 16 ஆண்டுகள் நோயில் கழித்தவர்கள். புதிதாக வந்திருந்த குளோர்ப்ரோமசின் மருந்து கொடுத்தும் வீடு திரும்பும் அளவுக்குத் தேறாதவர்கள். இவர்களுக்காக ஊருக்குள் தங்கும் இல்லங்கள் அமைத்து, வேலை தேடிக் கொடுத்து, வெளியே போன பின்னும் தொடர்ந்து துணை நின்றார்கள்.

1980-களின் தொடக்கத்தில் கோர்ட்னி ஹார்டிங் என்ற ஆய்வாளர் அந்த 269 பேரையும் தேடிப் புறப்பட்டார். ஏழு பேர் தவிர மற்ற அனைவரும் என்ன ஆனார்கள் என்பது தெரியவந்தது. பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கினர் வரை நன்கு தேறியோ முழுமையாக மீண்டோ இருந்தார்கள். மீளவே முடியாத நோய் என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு மெய்ன் மாநிலத்தில், வயது, பாலினம், நோய் ஆகியவை ஒத்த இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டார்கள். அங்கே அத்தகைய மறுவாழ்வுத் திட்டம் இருக்கவில்லை. வெர்மான்ட்காரர்களே குறைந்த நோய்க்குறிகளோடும் கூடுதலான வேலை வாழ்க்கையோடும் இருந்தார்கள். இரண்டு மாநிலங்களுக்கு வேறு வேற்றுமைகளும் உண்டு என்பதால் இதை இறுதிச் சான்று என்று கொள்ள முடியாது. ஆயினும் புறக்கணிக்கக் கூடிய செய்தியும் இல்லை.

வேலை விஷயத்தில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் பயிற்சிக் கூடத்தில் உறை ஒட்டட்டும், மெழுகுவர்த்தி செய்யட்டும், தேறிய பிறகு வெளி வேலையைப் பார்க்கலாம் என்பார்கள். பலருக்கு அந்தப் 'பிறகு' வரவே இல்லை. 1990-களில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். அவரவர் விரும்பும் உண்மையான வேலையை, உண்மையான சம்பளத்தோடு முதலில் தேடிக் கொடு. கற்பதும் தேறுவதும் அங்கேயே, கூடவே ஒரு துணையாளரின் உதவியோடு நடக்கட்டும். லண்டன், சோஃபியா உட்பட ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. புதிய முறையில் 55 விழுக்காட்டினருக்கும் பழைய முறையில் 28 விழுக்காட்டினருக்கும் வேலை கிடைத்தது. வேலைக்குப் போனால் நோய் முற்றிவிடும் என்று அஞ்சியவர்களுக்கும் அதில் பதில் இருந்தது: புதிய முறையில் சேர்ந்தவர்களே குறைவாக மருத்துவமனைக்குத் திரும்பினார்கள்.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் சங்கதி, நம் கிராமத்தில் எடுபடுமா? கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா, தமிழ்நாடு ஆகிய இடங்களில் 282 நோயாளிகளை வைத்து, ஊருக்குள்ளேயே தரும் மறுவாழ்வு உதவியைச் சோதித்தார்கள். தமிழ்நாட்டுப் பணியில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனம் ஈடுபட்டது. மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கே அனுப்பினார்கள். மாத்திரை தவறாமல் இருக்க உதவுவது, நோய் என்ன என்பதை வீட்டாருக்கு விளக்குவது, குளிப்பதிலிருந்து கடைக்குப் போவதுவரை அன்றாட வேலைகளை மெல்ல மீட்பது, அரசு உதவித்தொகைக்கு வழி காட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. 2014-இல் முடிவுகள் வந்தன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இந்த உதவியும் பெற்றவர்களிடம் நோய்க்குறிகளும் முடக்கமும் ஓரளவு குறைந்திருந்தன. பலன் தெளிவாகத் தெரிந்தது தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான்.

ஓரளவு என்பதைக் குறைவாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆய்வு நோயாளிகளைப் பின்தொடர்ந்தது 12 மாதங்கள் மட்டுமே. வெர்மான்டில் தேறியவர்களை எண்ணிப் பார்ப்பதற்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின.