நோன்புக் கஞ்சிக்கு வீட்டு மல்லி: ஓசூர் குளிரில் விதை போடும் முறை

2026 ரமளான், இன்ஷா அல்லாஹ், பிறையைப் பொறுத்து பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தொடங்கும். நோன்புக் கஞ்சிக்கு வேண்டிய மல்லியும் புதினாவும் வீட்டு மாடியிலேயே கிடைக்க வேண்டுமென்றால், ஜனவரி முதல் வாரத்தில் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். மல்லி பறிக்கும் அளவுக்கு வளர சுமார் 40 நாள் ஆகும். வெந்தயக் கீரைக்கு 25 நாள் போதும்.

தைப்பட்டம் தமிழகம் முழுக்கப் பொதுவானதுதான். ஆனால் ஓசூர் கணக்கு கொஞ்சம் வேறு. ஊர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழி, தை இரவுகளில் நல்ல குளிர். மிளகாய், கத்தரி விதைகள் ஒழுங்காக முளைக்க 25 முதல் 30 டிகிரி சூடு வேண்டும். மலை இறங்கி கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இது தெரியாமல் இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பரில் மொட்டை மாடியில் மிளகாய் விதை போட்டேன். பதினைந்து நாளாகியும் ஒன்றும் வரவில்லை. கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். பாக்கெட்டில் மிச்சமிருந்த விதைகளை ஈரத் துணியில் சுற்றி, டப்பாவில் மூடி, வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் மேலே வைத்தபோது எட்டாம் நாள் முளை தெரிந்தது. மறுபடி கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. எனவே மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றையும் முளைக்கும் வரை வீட்டுக்குள் வையுங்கள். முளை மண்ணுக்கு மேலே வந்த அன்றே வெயிலுக்குக் கொண்டு போங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நீண்டு சாய்ந்துவிடும்.

விதை பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். முளைப்புத் திறன், பரிசோதித்த தேதி, எதுவரை செல்லும் என்பது மூன்றும் இருக்க வேண்டும். தக்காளி, கத்தரிக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 70 சதவீதம், மிளகாய்க்கு 60. அதாவது பத்து மிளகாய் விதையில் நான்கு முளைக்காவிட்டாலும் அது தரமான விதைதான். தேவைக்கு மேல் கொஞ்சம் சேர்த்தே போடுங்கள்.

இளஞ்சிவப்பு, பச்சை என்று சாயம் பூசிய விதைகளில் பெரும்பாலும் பூஞ்சை மருந்து கலந்திருக்கும். குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது, மிச்சத்தைச் சமையலறையில் வைக்கவே கூடாது. மல்லிக்கு அந்த வம்பே வேண்டாம். மளிகைக் கடைத் தனியா புதியதாக இருந்தால் அதுவே முளைக்கும். உள்ளங்கையில் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்துத் தூவுங்கள். புதினாவுக்கு விதை தேடி அலைய வேண்டியதில்லை. சந்தையில் வாங்கிய கட்டிலேயே தடித்த தண்டுகளைத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேர் விடும்.

வாடகை வீட்டில் நான்கைந்து பைக்குத்தான் இடம் என்றால், என் யோசனை, தக்காளியை விட்டுவிடுங்கள். ராயக்கோட்டைச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. ஆசை விடாது என்பவர்கள் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், இலைச்சுருட்டு வைரஸ் உள்பட மூன்று நோய்களைத் தாங்கும் ஒட்டு ரகம். ஆனால் அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல வராது. ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும். விதை எடுத்து வைத்து அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க நினைப்பவர்களுக்கு பெரியகுளத்தின் பி.கே.எம். 1, நம் மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பையூர் 1 போன்றவை பொருத்தம்.

நாற்றுத் தட்டில் தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பினால் போதும். தண்ணீரைக் காலையில் மட்டும் தெளியுங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து இரவில் ஊற்றினால், குளிரும் ஈரமும் சேர்ந்து நாற்று அடித்தண்டில் அழுகிச் சாய்ந்துவிடும்.

தூவிய தனியாவில் கொஞ்சத்தை மைனாவும் அணிலும் கொண்டு போகும். பயிரிட்டதைப் பறவை தின்றாலும் அது தர்மம் என்ற நபிமொழி உண்டுதான். இருந்தாலும் முளைக்கும் வரை ஒரு பழைய வலையைப் போட்டு மூடிவிடுவது நான் செய்வது.

மிளகாய் நாற்று ஓசூரில் நடவுக்குத் தயாராக 45 நாள்கூட ஆகலாம். அது நோன்புக்குள்தான் வரும். அஸருக்குப் பிறகு வெயில் தாழ்ந்ததும் பைகளுக்கு மாற்றி நடுங்கள். நாற்றும் வாடாது, நோன்பாளிக்கும் தாகம் தெரியாது.