ஐயநதியும் அதன் வழிகாட்டியும்

ஆறு பிறக்குமிடமும் அது சென்று கலக்குமிடமும் நிலப்படத்திலே தெளிவுறக் குறிக்கப்பெற்றிருத்தலைக் கண்டு பழகியவர் நாம். பிறப்பிடம் மட்டும் தெரிந்து, போகுமிடம் தெரியாத ஆறொன்று இருந்ததென்றால் நமக்கு வியப்பாகவே தோன்றும். தென்னமெரிக்காவிலுள்ள பிரேஸில் நாட்டின் மேட்டுநிலத்திலே, 1909ஆம் ஆண்டில், அத்தகைய ஆறொன்று காணப்பட்டது. வடக்கு நோக்கி ஓடிய அது எப்பேராற்றிற் போய் விழுகின்றதென்பது கண்டவர்க்கு விளங்கவில்லை. ஆதலின் அதற்கு ‘ஐயநதி’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அவ்வாறு பெயரிட்டவர் கர்னல் காந்திடோ ரோந்தோன் என்பவர். அந்நதியை ஆராய்ந்த செலவின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ரோந்தோன் 1865ஆம் ஆண்டிற் பிறந்தவர். அந்நாட்டுத் தொல்குடியினரின் வழிவந்தவர். அரசினர் கட்டளைப்படி, 1907 முதல், காட்டினூடே தந்திக்கம்பி நாட்டும் பணியை மேற்கொண்டார். அவ்வாண்டிலேயே நம்பிக்வாரர் என்னும் குடியினர் எய்த அம்பொன்று அவருடைய துப்பாக்கியின் தோல்வாரிலே தைத்தது. உடன் சென்ற வீரர் பழிவாங்கத் துடித்தனர். அவரோ திருப்பிச் சுடலாகாதென்று தடுத்துவிட்டார். சாக நேரினும் சாவோம், கொல்லுதல் மட்டும் செய்யோம் என்பதே அவர் தம் படைக்கு வகுத்த நெறி. தொல்குடியினரைக் காத்தற்கென 1910இல் அரசினர் ஒரு துறையை ஏற்படுத்தியபொழுது, அவரே அதன் தலைவரானார்.

1901 முதல் 1909 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், 1912ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்றார். அடுத்த ஆண்டு சொற்பொழிவாற்றத் தென்னமெரிக்கா சென்ற அவரை, ரோந்தோனுடன் கூடி ஐயநதியை ஆராயலாமே என்று பிரேஸில் அமைச்சர் தூண்டினார். அவரும் இசைந்தார். பராகுவே ஆற்றின் வழியே மரக்கலத்திற் சென்று, பின்னர்க் கோவேறு கழுதைகளின்மீது மேட்டுநிலத்தை ஒரு திங்களுக்கு மேலாகக் கடந்தனர். இடையே பரேசியர் ஊரில், கையாலுங் காலாலும் தீண்டாது தலையாலேயே பந்தை முட்டியாடும் விளையாட்டைக் கண்டு களித்தனர். வெறுந்தரையிலே உறங்கும் நம்பிக்வாரரும், முன்னர் அம்பெய்த பகையை மறந்து, ரோந்தோனை நண்பராக வரவேற்றனர்.

1914 பெப்ரவரி 27ஆம் நாள் இருபத்திரண்டு பேர் ஏழு தோணிகளில் ஐயநதியில் இறங்கினர். ஒவ்வொரு தோணியும் ஒரே மரத்தைக் குடைந்து செய்யப்பட்டது. ஆற்றை அளந்த முறை அறியத்தக்கது. ரூஸ்வெல்ட்டின் மகன் கெர்மிட் முன்சென்று வளைவிலே கரையேறி அளவுகோலை நாட்டுவார். பின்னேயிருந்து லைரா என்னும் அதிகாரி தூரத்தை அளப்பார். ரோந்தோன் திசைகாட்டியைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். ஆறு பாம்புபோல் வளைந்து சென்றமையின், ஒரு நாளிலேயே ஏறக்குறைய நூறு முறை கரையேற நேர்ந்தது!

சில நாட்களில் ஆறு தன் இயல்பைக் காட்டலாயிற்று. பிரேஸில் மேட்டுநிலம் மிகத் தொன்மையான கடும்பாறையாலாயது. அதன் விளிம்பிலிருந்து அமேஸான் தாழ்நிலத்துக்கு இறங்கும் ஆறுகள் படிப்படியாய்ப் பாறைகளின்மேல் விழுந்தோடுகின்றன. அவ்விடங்களில் தோணி செல்லாது. காட்டை வெட்டி வழிசெய்து, மரத்துண்டுகளை உருளைகளாகப் பரப்பி, கயிறு கட்டி இழுத்தே தோணிகளைக் கொண்டுசெல்லல் வேண்டும். மழைக்காலத்தில் ஓரிரவு வெள்ளம் பெருகி, இரண்டு தோணிகளைப் பாறையில் மோதிச் சிதைத்தது. மரம் வெட்டிப் புதுத்தோணி செய்வதற்குள் உணவு குறைந்தது.

இத்துணை வளமான காட்டிலே பசி எங்ஙனம் வந்ததென வினவலாம். மழைக்காட்டின் கனிகள் பெரும்பாலும் வானளாவிய மரத்தலைகளிலேயே உள்ளன. ஒரே இன மரங்கள் ஓரிடத்திற் செறிந்து நில்லாது தொலைதூரம் சிதறி நிற்கின்றன. விலங்குகளோ இலையோடிலையாய் மறைகின்றன. வழிப்போக்கனுக்கு அது பசுமையான பாலைவனமே. அதன் பருவங்களைத் தலைமுறை தலைமுறையாய்க் கற்றவர்க்கே அது உணவளிக்கும்.

இடுக்கண் அடுத்தடுத்து வந்தது. சிம்பிளிசியோ என்னும் தோணிக்காரன் சுழலில் மூழ்கி மாண்டான். உணவு திருடிய ஒருவன், தன்னைக் கண்டித்தவனைச் சுட்டுக் கொன்று காட்டிலே மறைந்தான். பாறையிடைச் சிக்கிய தோணிகளை மீட்க நீரிற் குதித்த ரூஸ்வெல்ட்டின் காலிற் புண்பட்டுக் காய்ச்சல் மிகுந்தது. பிறர்க்குத் தாம் சுமையாகாவண்ணம் தம்மை விட்டுச் செல்லுமாறு அவர் வேண்டினார். மகன் அதற்கு உடன்படவில்லை. விரைந்து செல்லவேண்டுமென்று ரூஸ்வெல்ட் கூறியதால், ரோந்தோனும் நுண்ணிய அளவையைக் கைவிட்டு விரைவான முறைக்கு மனமின்றி இணங்கினார்.

மற்றுமொரு நிகழ்ச்சி நினைவிற்கொள்ளத்தக்கது. மார்ச்சுத் திங்களில் ரோந்தோனின் நாயொன்று காட்டிலே அம்பு பாய்ந்து இறந்தது. அம்பெய்தவர் கண்ணிற் படவில்லை. ரோந்தோனோ அவ்விடத்தே கோடரியும் கத்தியும் மணியும் பரிசாக வைத்துச் சென்றார். அக்கரைகளில் வாழ்ந்தவர் சிந்தா லார்கர் என்னும் குடியினர். அவர்கள் விரும்பியிருப்பின், சோர்ந்திருந்த அச்சிறு கூட்டத்தை எளிதில் அழித்திருக்கக்கூடும், அழித்திலர்.

ஏப்ரல் நடுவில் ரப்பர்ப்பால் எடுப்போரின் குடிசைகள் தென்பட்டன. 26ஆம் நாள், அரிபுவானா ஆற்றுடன் கூடுமிடத்தே, உதவிக்கு அனுப்பப்பட்டிருந்தோரைக் கண்டனர். இருபத்திரண்டு பேரில் மீண்டவர் பத்தொன்பதின்மர். நதிக்கு ரூஸ்வெல்ட்டின் பெயர் சூட்டப்பட்டது. 1956இல் ரோந்தோனின் பெயர் ஒரு நிலப்பகுதிக்கே இடப்பட்டு, அது ரோந்தோனியா எனலாயிற்று.

ரோந்தோனும் அந்நதியின் தலைப்பை மட்டுமே முன்னர்க் கண்டவர். அறியாத வழியில் அவர் எங்ஙனம் வழிகாட்டியானார்? நீர் செல்லும் திசையை ஆறே காட்டிற்று. பிறர் வீட்டினுள் நுழைவோர் நடக்கவேண்டிய முறையை அவர் காட்டினார். சிந்தா லார்கருக்கு அஃது ஐயநதியன்று, பிறந்தகமேயாகும்.

அவ்வழிகாட்டி 1958இல் மறைந்தார். 1963இல் ரப்பர்த் தொழிலாரின் ஏவலாட்கள் சிந்தா லார்கரின் சிற்றூரொன்றைக் கொடுமையாக அழித்தனர். அவர் தலைமைதாங்கிய காப்புத் துறையின் அதிகாரிகளே பல கொடுமைகள் இழைத்தமை வெளிப்பட, 1967இல் அத்துறை கலைக்கப்பட்டு வேறொன்று அமைக்கப்பட்டது. நெறியை வகுத்தவர் நீங்கியபின், துறையின் பெயர் மட்டும் எஞ்சி நிற்பின் விளைவது இதுவே. எஞ்சிய சிந்தா லார்கர் இன்றும் அவ்வாற்றையொட்டிய காடுகளில் வாழ்கின்றனர்.

நிலப்படத்தில் வெற்றிடமாய்த் தோன்றுவது, வரைந்தவன் அறியாத இடமேயன்றி, ஆளில்லாத இடமன்று. கல்வி கற்று நாடெங்கும் செல்லவிருக்கும் நாம், செல்லுமிடமெல்லாம் இதனை மறவாதிருப்போமாக.